முதலைத் தாடையும் தாவூதின் வாக்கும்

ஒரு முதலைத் தாடையைத் திருப்பித் தரச் சொல்லி நான் பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன். வனத்துறை ரேஞ்சு ஆபீஸில் எழுத்தராக உட்கார்ந்து, யானை மிதித்த ராகிக் கொல்லை, காணாமல் போன சந்தன மரம், நகராத ஜீப் என்று எதை எதைப் பற்றியோ எழுதியவன் நான். எதுவும் இந்தத் தாடை அளவுக்கு என் உயிரை வாங்கியதில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தாடையை வந்து பாருங்கள் என்று முதன்முதலில் எழுதிய கடிதமும் என்னுடையதுதான்.

ஆனால் இது என் கதை இல்லை, தாவூதின் கதை. அந்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் என் மேல் கோபம் வருகிறது. அப்புறம் கல்துறைப்பட்டிக்காரர்கள் மேல் வருகிறது. கடைசியில் தாவூது மேலேயே வருகிறது. இவ்வளவு நேர்மையாக இருக்கச் சொல்லி அவரிடம் யார் கேட்டார்கள்?

தாவூது பென்னாகரத்துக்காரர். இருபது வருடம் காவிரிக்கரை ஊர்களில் சைக்கிளில் கயிறு விற்றவர். மூக்கணாங்கயிறு, கன்றுக்குத் தும்பு, மாட்டுக்கு மணி, எல்லாம் அவரிடம் இருக்கும். கயிறு விற்பவர் மாட்டைப் பார்க்காமல் இருக்க முடியாதே. எந்த மாடு எந்தச் சந்தையில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் மாட்டுத் தகராறு என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு வரப்புத் தகராறுக்கும் கூப்பிட்டார்கள். அவர் எந்தத் தரப்புக்கும் பங்காளி இல்லை. பார்த்ததைச் சொல்வார், பார்க்காததை "நான் பாக்கலீங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. "பாய் சொல்லிட்டாரு" என்றால் அந்த ஊர்களில் பேச்சு முடிந்தது.

மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்து இடது கை முறிந்தது. அதன்பிறகு மூட்டை கட்ட முடியவில்லை. ஆற்றோர ஊர்கள் அத்தனையும் தெரிந்த ஆள் என்று எங்கள் ரேஞ்சர் அவரைத் தினக்கூலிக் காவலராகப் போட்டார். வேலை, முதலை முட்டைக்குக் காவல்.

ஒகேனக்கல்லுக்குக் கீழே, அருவி இரைச்சல் கேட்காத தூரத்தில், ஆறு அகலமாகிற இடத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாணலும் நாலைந்து நீர்மருது மரமும். மாசி மாதத்தில் முதலைகள் அங்கே ஏறி மணலைத் தோண்டி முட்டையிடும். சித்திரை முடிவதற்குள் குஞ்சு பொரியும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கல்துறைப்பட்டி. நாற்பது வீடு, எல்லாம் விவசாயக் குடும்பம்.

திட்டின் மேல்முனையில், சுக்காங்கல் பாறையில் பாதி புதைந்து, பல் வரிசையோடு ஒரு பெரிய தாடை கிடந்தது. அதனால்தான் அது தாடைத்திட்டு. ஒரு காலத்தில் ஊர் மாட்டையெல்லாம் பிடித்துத் தின்ற தாய் முதலையை ஊர்க்காவல் சாமி முனியப்பன் வெட்டிப் போட்டாராம். சாகிறபோது அது, "என் முட்டைக்கு யாரு காவல்?" என்று கேட்டதாம். முனியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "உன் தாடை இங்கேயே இருக்கட்டும். அது இருக்கிறவரை என் சனம் உன் முட்டையைத் தொடாது. உன் பிள்ளைகள் என் சனத்தைத் தொடக்கூடாது" என்று பேசி முடித்தாராம். அந்தப் பேச்சுப்படி, மாசி பிறந்தால் சித்திரைப் பூசை வரைக்கும் கல்துறைப்பட்டியில் ஒருவர்கூடத் திட்டில் கால் வைக்க மாட்டார்கள், பக்கத்தில் வலை போட மாட்டார்கள். சித்திரையில் பூசாரி மாதப்பன் தலைமையில் பரிசலில் போய்த் தாடைக்கு மஞ்சள் பூசிவிட்டு வருவார்கள்.

ஊரில் எந்தத் தலைமுறையிலும் முதலை ஆளைக் கடித்ததாகச் சேதி இல்லை. முட்டைப் பக்கம் யாரும் போகாவிட்டால் தாய் முதலை எதற்காகத் துரத்தப் போகிறது? இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது என் புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் வருடம் தை மாதம் ரேஞ்சரோடு திட்டுக்குப் போனேன். தாடையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த புதைபடிவப் பாடம் ஞாபகம் வந்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? ஊருக்கு வந்ததும் ஒரு கல்லூரிக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். ஆபீஸ் கடிதத்துக்கெல்லாம் ஆறு மாதம் பதில் போடாதவர்கள், இதற்குப் பத்தே நாளில் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒரு பேராசிரியர், நாலு மாணவர்கள்.

பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "இது கல்லாகிப்போன எலும்பு. பல ஆயிரம் வருஷம் ஆகியிருக்கணும். எவ்வளவு பெரிய முதலை இருந்திருக்குன்னு பாருங்க" என்றார். எனக்கு ஒரே பெருமை. நானே அந்த முதலையைப் பெற்றவன் மாதிரி நின்றேன்.

தாவூது மட்டும் கேட்டார். "பாத்துட்டீங்கல்ல சார். அங்கயே வெச்சிடலாமா?"

பேராசிரியர் சிரித்தார். அவர்கள் பாறையோடு வெட்டியெடுத்துச் சாக்கில் சுற்றிப் பரிசலில் ஏற்றினார்கள். கரையில் மாதப்பனும் பத்துப் பேரும் நின்றார்கள். நான் அவர்களிடம் போய், இது வெறும் எலும்பு, விஞ்ஞானம், முனியப்பனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் மாதப்பன், "அப்போ பேச்சு முடிஞ்சுதுங்க" என்றார். ஆமாம், முடிந்தது என்று நானும் தலையாட்டினேன். என் பேச்சைச் சொல்கிறார் என்று நினைத்தேன். முனியப்பன் முதலையோடு பேசிய பேச்சைச் சொல்கிறார் என்பது மரமண்டைக்கு ஏறவில்லை.

மாசியில் நாலு முதலை முட்டையிட்டது. தாவூது ஒவ்வொரு குழியைச் சுற்றியும் முள் வெட்டிப் போட்டு, நீர்மருது அடியில் ஒரு கீற்றுக் கொட்டகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பங்குனியில் கல்துறைப்பட்டி துறையில் தண்ணீர் குடித்த ஆடு ஒன்றை முதலை இழுத்துக்கொண்டு போனது. ஆடு போவது எல்லா வருடமும் உண்டு. ஆனால் இந்த வருடம் தாடை இல்லையே. தடை நீங்கியது, இனி ஆளையும் பிடிக்கும், அதற்குள் முட்டையை நாம் உடைத்துவிடவேண்டும் என்று இளவட்டங்கள் முடிவு கட்டினார்கள். ஆசையால் இல்லை, பயத்தால். தாவூது அரிசி வாங்கப் போன ஒரு மத்தியானம், ஒரு குழி முழுக்கத் தடியால் அடித்து நொறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் தாவூது ஆபீஸுக்கு வந்தார். துண்டில் முடிந்து வந்த ஓட்டுச் சில்லுகளை என் மேஜைமேல், வருகைப் பதிவேட்டின்மேல் கொட்டினார். சிலதில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இருபத்தெட்டு சார். உள்ள கண்ணு வந்துடுச்சு. காலு வந்துடுச்சு."

"போலீஸ்ல சொல்லலாம்" என்றேன்.

"யாரைச் சொல்றது? ஊரையேவா? அவங்க திருடலீங்க. பயந்துபோய் செஞ்சாங்க. அது அவங்களுக்கு வெறும் எலும்பு இல்லீங்க சார், ஒப்பந்தம். நாமதான் தூக்கிக் குடுத்துட்டோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தக் காலேஜுக்கு எழுதினது யாரு சார்?"

மேலிடத்து உத்தரவு என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சில்லுகளைப் பார்த்தேன். "நான்தான்" என்றேன்.

திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "அப்ப நீங்களே திருப்பி எழுதுங்க. இன்னும் மூணு குழி இருக்கு" என்றார்.

எழுதினேன். வாரத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, கடிதம் துறைத்தலைவர் பெயருக்கு வரவேண்டும் என்று பதில் வந்தது. மூன்றாவதை அவர் பெயருக்குப் போட்டேன், அது முதல்வர் வழியாக வரவேண்டுமாம். ஐந்தாவதற்கு, மேற்படி மாதிரி பதிவேட்டில் ஏறிவிட்டபடியால் திருப்பி அனுப்ப வழியில்லை என்றார்கள். ஏழாவதில் எனக்குப் பொறுமை போய், அது முனியப்பனின் சொத்து என்று எழுதிவிட்டேன். அதற்குத்தான் உடனே பதில் வந்தது. மேற்படி முனியப்பன் என்பவர் தமது உரிமைச் சான்றுகளுடன் நேரில் வரவும். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன். ரேஞ்சர் என்னை லீவு போடச் சொன்னார்.

ஒன்பதாவது கடிதத்தில் கெஞ்சினேன். பத்தாவதில் மிரட்டினேன். பதினோராவதில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு நாள் பஸ் டிரைவர் ஒரு மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் தாடை. கூடவே ஒரு சீட்டு. அசலைத் தர இயலாது, இது பிளாஸ்டர் நகல், அன்புடன் அனுப்பியுள்ளோம்.

கைதேர்ந்த வேலைதான். பல் வரிசை, சுக்காங்கல்லின் சொரசொரப்பு, சாம்பல் நிறம், எல்லாம் அச்சு அசல். நான் தாவூதைக் கூப்பிட்டு யோசனை சொன்னேன். "கொண்டுபோய் பழைய இடத்துல வெச்சிடுங்க. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. பாத்துட்டு அவங்களே நம்பிடுவாங்க."

"கேட்டா?"

"யாரு கேக்கப் போறாங்க?"

தாவூது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லாம இருக்கறது பொய்யில்லீங்க. வெக்கறேன்" என்றார். குழிகளில் இன்னும் பத்துப் பதினைந்து நாள் வேலை பாக்கி. அதற்குள் மிச்ச மூன்றும் போய்விடும் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. இளவட்டங்கள் தடியோடு கரையில் சுற்றுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரைப் பூசை அந்த வருடம் ரமலான் மாதத்தில் வந்தது. வெயில் மணலில் கால் வைக்கமுடியாமல் காய்ந்தது. தாவூது விடியுமுன் ரெண்டு வாய் சாப்பிட்டதோடு சரி, ஆற்று நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் காவல் இருந்தார். தாடை திரும்பி வந்துவிட்டது என்று சேதி போய், ஊரே பரிசல் பரிசலாக வந்து இறங்கியது. நானும் போயிருந்தேன்.

மாதப்பன் தாடையின் முன்னால் உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்துப் பூசினார். பூசினார், மறுபடியும் பூசினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் இளவட்டங்கள் தடியை ஊன்றி நின்றார்கள். அவர்கள் பார்வை முள்ளடைத்த குழிகள் மேலேயே இருந்தது. மாதப்பன் எழுந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாவூதின் பக்கம் திரும்பினார்.

"பாய், நீங்க பொய் சொல்லாத ஆளு. அதுலயும் இது உங்க நோன்பு மாசம். நோன்பு வாயால சொல்லுங்க. இது அதே கல்லுதானுங்களா?"

அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. என் முகமும்தான். காய்ந்து வெடித்திருந்த அவர் உதடு அசைந்தது. அவர் குழிகளைப் பார்த்தார், தடிகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தெளிவாகவே சொன்னார்.

"அதே கல்லுதானுங்க."

"பாய் சொல்லிட்டாரு" என்றார் மாதப்பன். தடிகள் இறங்கின. ஊர் கும்பிட்டுவிட்டு, குழிகளைச் சுற்றிக்கொண்டு நடந்து பரிசல் ஏறியது. எனக்கு மகிழ்ச்சியில் கூத்தாடவேண்டும்போல் இருந்தது. தாவூதைத் திரும்பிப் பார்த்தால், அவர் கொட்டகைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், வரவில்லை.

மே மாத நடுவில் குஞ்சுகள் பொரிந்தன. மணலுக்கு அடியிலிருந்து அவை கத்துகிற சத்தம் கேட்டுத் தாய் முதலை ஏறி வந்து தோண்டியது. ஒரு சாண்கூட இல்லாத குஞ்சுகளை வாயில் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டது. மூன்று குழியிலும் அப்படித்தான். நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் மரத்தடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். என் வாழ்நாளில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று. பக்கத்தில் தாவூது, முன்னமே விலக்கிவைத்த முள்ளை அடுக்கிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று நான்தான் பைத்தியம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதற்குப் பிறகு தாவூது எந்தச் சாட்சிக்கும் போகவில்லை. மாட்டுத் தகராறு என்று வந்தார்கள், உடம்பு சரியில்லை என்றார். வரப்பு என்று வந்தார்கள், ஞாபகம் இல்லை என்றார். ஞாபகம் இல்லையாம்! நான் போன மாதம் எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்று கேட்டால் சொல்லக்கூடிய ஆள். எண்பத்தொன்பதிலும் தாடைக்குப் பூசை நடந்தது, முட்டை பொரிந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை. அப்படியும் அவர் பழையபடி ஆகவில்லை. அவர் மனைவி அஸ்கரி பேகம் என்னைக் கடைவீதியில் பிடித்துக்கொண்டார். "என்னா சார் பண்ணீங்க எங்க வூட்டு ஆளை? பேசமாட்டேங்கறாரு, சரியா துன்னமாட்டேங்கறாரு. முதலை கூட இருந்து இருந்து அதும்மாதிரியே வாயை மூடிட்டாரு" என்றார். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நழுவினேன்.

ஆவணியில் கோவிந்தம்மாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். கல்துறைப்பட்டிக்காரர், புருஷன் இல்லாதவர். கிணற்றில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் கிணற்றுக்குப் போகிற வழியே இருந்ததில்லை என்று கொழுந்தன் மாது முள்வேலி போட்டுவிட்டார். கொல்லையில் ராகி காய்கிறது. அந்த வழியில் இருபது வருடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் தாவூது. பாய் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று மாதுவே ஒப்புக்கொண்டிருக்கிறார். பாய்தான் வர மறுக்கிறார்.

"உங்க பாய் வாயில என்ன கொழுக்கட்டையா சார்? நான் பொய்யா சொல்லச் சொல்றேன்? பாத்ததைச் சொல்லுங்கன்னுதானே கேக்கறேன்?" என்று கத்திவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே தாவூதைத் தேடிப்போய்க் கேட்டேன். "உண்மையைத்தானே சொல்லப் போறீங்க? அதுல என்ன நஷ்டம்?"

"உண்மைதான் சார். ஆனா அவங்க என் வார்த்தையை நம்பித்தான் வாங்கறாங்க. அதை நான் போன வருசமே வித்துட்டேன். வித்த மாட்டை மறுபடியும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போகச் சொல்றீங்களே."

"அப்ப அந்தம்மா கொல்லை காயட்டுமா?"

அவர், "போறேன். ஆனா முதல்ல கல்லு விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் சாட்சி சொல்லுவேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொன்னா வர்ற மாசியில முட்டை அத்தனையும் போச்சு. அவ்வளவு பாடுபட்டதும் போச்சு. தெரியுமா?"

"தெரியும் சார்."

"எதுக்குத்தான் இந்தப் பிடிவாதம்?"

"சொல்லலைன்னா அந்தம்மாவுக்கு நான் குடுக்கறது செல்லாத சாட்சி சார்."

இந்த மாதிரி ஆளிடம் எவ்வளவு நேரம்தான் வாதாடுவது? வழியிலாவது மனசை மாற்றலாம் என்று கூடவே போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் புங்கமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. ஒரு பக்கம் கோவிந்தம்மாள், எதிர்ப்பக்கம் மாது, நடுவில் மாதப்பன். தாவூது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சாட்சிக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். போன வருசம் திட்டுல வெச்சது அந்தக் கல்லு இல்லீங்க. மாவுல அச்சு எடுத்தது. காலேஜ்ல அனுப்பினாங்க. தெரிஞ்சேதான் அதே கல்லுன்னு உங்ககிட்ட சொன்னேன். பசங்க முட்டையை உடைச்சிடுவாங்கன்னு பயந்து சொன்னேன். இனி என் சாட்சி வேணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். கூச்சல் எழும், தடி எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"உக்காருங்க பாய்" என்றார் மாதப்பன், மெதுவாக. "அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

தாவூது உட்காரவில்லை. "என்னா தெரியும்?"

"நாப்பது வருசமா மஞ்சள் பூசற கை பாய் இது. கல்லுமேல பூசினா மஞ்சத்தண்ணி வழியும். அன்னைக்கு அத்தனையும் குடிச்சிடுச்சு. பூசப் பூசக் குடிக்குது. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க?"

"பசங்க தடியோட நின்னாங்களே பாய். நான் சொன்னா, பூசாரி கதை விடறான்னுவாங்க. நீங்க சொன்னா மறுபேச்சு கெடையாது. முட்டை பொழைக்கணும்னுதான் நானும் பாத்தேன். பேச்சு உடைஞ்சுபோனா எங்க துறையில எந்தப் பொம்பள இறங்கித் தண்ணி மொள்ளுவா? அதான், உங்க வாயால வரட்டும்னு..."

தாவூது கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"நீ சொல்லியிருக்கலாமில்ல! உன் சாமி, உன் ஊரு, உன் துறை! நீ சொல்லியிருக்கலாம்யா! தெரிஞ்சுக்கிட்டே நோன்பு வாயால சொல்லுன்னு கேட்டியே, பொய் சொல்ல என் வாயிதான் கெடைச்சுதா உனக்கு? ஒன்றரை வருசமா நான் தொழுகையில தலையை வெச்சா எழுந்திரிக்க முடியாம கெடக்கறேன்யா!"

கோவிந்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். போன வருடம் தடியோடு நின்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள். மாதப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெரிய புத்திசாலி மாதிரி ஊரை ஏமாற்றப் பிளாஸ்டர் தாடை கொண்டுவந்தவன் நான். அந்த ஊர் என்னை ஒரு விரலில் கண்டுபிடித்துவிட்டு, பூசாரி, பாய் இருவரில் யார் வாய் செல்லுபடியாகும் என்று பார்த்து, அதைச் சரியாக எடுத்து உபயோகித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. (அது நகல் என்று தெரிந்த பிறகும் அடுத்த மாசியில் யாரும் திட்டில் கால் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது.)

தாவூது மூச்சை அடக்கிக்கொண்டு மாதுவைப் பார்த்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது. "கெணத்துக்கு வழி இருந்துச்சு. புளியமரத்துக்கு வடக்கால, ஒரு மாடு கன்னோட போற அகலம். நான் கடைசியா சைக்கிள் தள்ளிட்டுப் போனது எண்பத்தொண்ணு ஐப்பசி. பாத்ததைத்தான் சொல்றேன்."

மாது எழுந்து போய் வேலியிலிருந்த முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்தார்.

தாவூது செருப்பை மாட்டிக்கொண்டார். மாதப்பன் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "இதை மட்டும் குடிச்சிட்டுப் போங்க பாய். கோவத்தோட போகாதீங்க."

"வேணாங்க. நோன்பு."

மாதப்பன் விழித்தார். "நோன்பு மாசம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்களே பாய்?"

"இது போன வருசத்து அந்த ஒரு நாளுக்குங்க" என்றார் தாவூது. "வாரத்துக்கு ஒண்ணு வெக்கறேன். சரியாயிடுச்சான்னுதான் இன்னும் தெரியல."

சொல்லிவிட்டு அவர் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார். மாதப்பன் டம்ளரோடு அங்கேயே நின்றார்.